சென்சார் 112, மீட்டர் 131: எது பொய்?

அப்பாவின் இடது கையில், சர்க்கரையை இரவும் பகலும் அளந்து கைபேசிக்குச் சொல்லும் சென்சாரை ஒட்டிய இரண்டாம் நாள் காலை. கைபேசியில் 112 என்று காட்டியது. பழக்க தோஷத்தில் குளுக்கோமீட்டரை எடுத்து விரலில் குத்திப் பார்த்தார். 131. "ரெண்டுல ஒண்ணு பொய் சொல்லுது. எதுன்னு பார்த்துச் சொல்லு" என்று இரண்டையும் என் முன்னால் வைத்தார். கணக்கராக இருந்து ஓய்வு பெற்றவர். வரவும் செலவும் ஒத்துவராவிட்டால் அவருக்குச் சோறு இறங்காது.

நான் தேடிப் படித்துச் சொன்ன பதில் அவருக்குப் பிடிக்கவில்லை. இரண்டுமே பொய் சொல்லவில்லை. மீட்டர் அளப்பது ஓர் இடத்துச் சர்க்கரை, சென்சார் அளப்பது வேறோர் இடத்துச் சர்க்கரை. போதாததற்கு, இரண்டு கருவிக்குமே சொந்தப் பிழை கொஞ்சம் உண்டு.

சென்சார் இருக்கும் இடம்

சென்சாரை ஒட்டும்போது ஓர் ஊசி தோலுக்குள் போய் உடனே வெளியே வந்துவிடும். உள்ளே தங்குவது முடி போன்ற மெல்லிய இழை, சுமார் 5 மில்லிமீட்டர் நீளம். அது ரத்தக் குழாய்க்குள் போவதில்லை. தோலுக்கடியில் செல்களுக்கு நடுவே ஊறியிருக்கும் திரவத்தில்தான் நிற்கிறது. சூடுபட்ட கொப்புளம் உடைந்தால் தெளிவாக ஒரு நீர் கசியுமே, ஏறக்குறைய அந்த மாதிரித் திரவம்.

பெரும்பாலான சென்சார்களில் இழையின் முனையில் குளுக்கோஸ் ஆக்சிடேஸ் என்ற நொதி பூசப்பட்டிருக்கும். குளுக்கோஸ் அதன்மேல் பட்டதும் வேதிவினை நடந்து மிகச் சிறிய மின்னோட்டம் உண்டாகும். குளுக்கோஸ் கூடினால் மின்னோட்டமும் கூடும். தொழிற்சாலையிலேயே பதித்துவிட்ட ஒரு கணக்கை வைத்து அந்த மின்னோட்டத்தைக் கருவி 112 என்றோ 180 என்றோ மாற்றிச் சொல்கிறது. லேலண்ட் கிளார்க், சாம்ப் லயன்ஸ் என்ற இரண்டு அமெரிக்கர்கள் 1962-இல் முன்வைத்த யோசனை இது. குளுக்கோமீட்டர் ஸ்ட்ரிப்பும் இதே வழியில் வந்ததுதான். ஆக, இரண்டும் ஒரே குடும்பம், இருக்கும் இடம்தான் வேறு.

சாப்பிட்டதும் குளுக்கோஸ் முதலில் ரத்தத்துக்கு வரும், அங்கிருந்துதான் திசுத் திரவத்துக்குக் கசியும். மேட்டூரில் மதகைத் திறந்த அன்றைக்கே கடைமடை வயலில் தண்ணீர் நிற்காது இல்லையா, அதே மாதிரி. இங்கே தாமதம் பொதுவாக 5 முதல் 10 நிமிடம். சில சென்சார்கள் உள்ளுக்குள் கணக்குப் போட்டு இதைக் கொஞ்சம் சரிக்கட்டும், முழுதாக முடியாது.

பத்து நிமிடம் ஒரு பெரிய விஷயமா என்று தோன்றும். கணக்குப் போட்டுப் பாருங்கள். நாலு இட்லி சாப்பிட்ட பிறகு ஒருவருக்குச் சர்க்கரை நிமிடத்துக்கு 2.5 மி.கி. ஏறுகிறது என்று வைத்துக்கொள்வோம். (இந்தக் கட்டுரையில் மி.கி. என்றால் ஒரு டெசிலிட்டருக்கு இத்தனை மில்லிகிராம், நம் ஊர் லேப் ரிப்போர்ட்டில் வரும் அதே அளவு.) தாமதம் 8 நிமிடம் என்றால் 20 மி.கி. வித்தியாசம். ரத்தத்தில் 180 இருக்கும்போது சென்சார் 160 என்று சொல்லும். கருவி கெட்டுப்போகவில்லை, சேதிதான் பழையது.

ஏறும்போது இந்தத் தாமதத்தால் அவ்வளவு தொல்லை இல்லை. இறங்கும்போதுதான் ஆபத்து. இன்சுலின் போட்டுவிட்டு வேகமாக நடக்கப் போகிறார் ஒருவர். சென்சார் 88 காட்டுகிறது, பரவாயில்லை என்று நடையைத் தொடர்கிறார். அதே வேகத்தில் இறங்கிக்கொண்டிருந்தால் அப்போது ரத்தத்தில் இருப்பது 68, அதாவது லோ சுகர்.

இதன் மறுபக்கம் இன்னும் அடிக்கடி நடக்கிறது. லோ ஆகிவிட்டது என்று மூன்று ஸ்பூன் சர்க்கரையைக் கரைத்துக் குடிக்கிறீர்கள். கால் மணி நேரத்தில் ரத்தத்தில் ஏறிவிடுகிறது. சென்சார் மட்டும் இன்னும் 62, 64 என்றே முனகிக்கொண்டிருக்கிறது. பயத்தில் இன்னும் ஒரு டம்ளர், அப்புறம் இரண்டு பிஸ்கட். இரண்டு மணி நேரம் கழித்து 260. லோவுக்குச் சர்க்கரை குடித்த பிறகு, ஏறியதா இல்லையா என்று விரலில் குத்திப் பார்ப்பதுதான் சரி.

எண்ணுக்குப் பக்கத்தில் காட்டும் அம்புக்குறியை நம் ஆட்கள் பலர் கவனிப்பதே இல்லை. அது படுத்திருந்தால் சர்க்கரை நிலையாக இருக்கிறது, எண்ணை ஓரளவு அப்படியே எடுத்துக்கொள்ளலாம். நேராக மேலேயோ கீழேயோ நின்றால் நிமிடத்துக்கு 2 மி.கி.க்கு மேல் மாறுகிறது என்று பொருள். திரையில் தெரியும் எண் பின்தங்கியிருக்கிறது. அன்று காலை அப்பாவின் அம்பு மேல்நோக்கிச் சாய்ந்திருந்தது. காப்பி குடித்துக் கால் மணி நேரம்தான் ஆகியிருந்தது. சர்க்கரை போடாத காப்பிதான், ஆனால் பாலில் இருப்பதும் ஒரு சர்க்கரைதானே.

'9 சதவீதப் பிழை' என்று விளம்பரத்தில் வருவது

சென்சார் எவ்வளவு துல்லியம் என்று கேட்டால் நிறுவனங்கள் ஓர் எண்ணைச் சொல்லும். எம்.ஏ.ஆர்.டி. என்று பெயர். பெயர்தான் மிரட்டும், கணக்கு ஐந்தாம் வகுப்புக் கணக்கு. ஒரே நேரத்தில் துல்லியமான லேப் கருவியிலும் சென்சாரிலும் அளக்க வேண்டும். லேப் 200, சென்சார் 180: வித்தியாசம் 10 சதவீதம். லேப் 100, சென்சார் 112: 12 சதவீதம். 150-க்கு 153: 2 சதவீதம். 80-க்கு 92: 15 சதவீதம். 250-க்கு 245: 2 சதவீதம். கூட்டினால் 41, ஐந்தால் வகுத்தால் 8.2. எண் சிறியதாக இருந்தால் நல்லது.

ஆரம்ப காலச் சென்சார்களில் இது 20-ஐ ஒட்டி இருந்தது. அபாட் நிறுவனத்தின் முதல் ஃப்ரீஸ்டைல் லிப்ரே சென்சாரில் 11.4. லிப்ரே 3-இல் 7.9. டெக்ஸ்காம் என்ற இன்னொரு நிறுவனத்தின் ஜி7-ஐப் பெரியவர்களுக்குக் கையில் ஒட்டினால் 8.2 (என் உதாரணமும் அதில் வந்து நின்றது தற்செயல்). அமெரிக்காவில் 1999-இல் அனுமதி பெற்ற முதல் சென்சாரில் மூன்று நாள் கழித்து டாக்டர்தான் பதிவை இறக்கிப் பார்ப்பார், நோயாளிக்கு எண்ணே தெரியாது. அங்கிருந்து இங்கே வந்திருப்பது பெரிய தூரம்தான்.

ஆனால் இந்த ஒற்றை எண்ணை நான் ரொம்ப நம்புவதில்லை. முதல் காரணம், அது சராசரி. நூறு முறை அளந்ததில் தொண்ணூறு முறை அச்சாகச் சொல்லிவிட்டுப் பத்து முறை தலைகீழாகத் தப்புப் பண்ணும் சென்சாரும், நூறு முறையும் கொஞ்சம் கொஞ்சம் பிசகும் சென்சாரும் ஒரே மதிப்பெண் வாங்கலாம். எனக்கு இரண்டாவதுதான் வேண்டும். அடுத்து, கூட்டலா கழித்தலா என்பதை இந்தக் கணக்கு மறைத்துவிடுகிறது. எப்போதும் 9 சதவீதம் குறைத்தே சொல்லும் சென்சார் என்றால் நாம் பழகிக்கொள்ளலாம். ஒருநாள் ஏற்றி ஒருநாள் இறக்கிச் சொன்னால் அது முடியாது. எண் என்னவோ இரண்டுக்கும் 9-தான்.

முக்கியமானது, சதவீதம் என்பதே கீழே போகப் போக வேறு மாதிரி நடந்துகொள்ளும். 15 மி.கி. பிழை 300-இல் வெறும் 5 சதவீதம், 60-இல் 25 சதவீதம். ஒரு சோதனையில் கலந்துகொண்டவர்களுக்கு லோ அதிகம் வராமல், சர்க்கரை நிதானமாக இருந்திருந்தால் மதிப்பெண் அழகாக வரும். அதனால் வேறு வேறு சோதனையில் வாங்கிய எம்.ஏ.ஆர்.டி.யைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து 'இந்தக் கம்பெனி 0.3 சதவீதம் ஒசத்தி' என்று சண்டை போடுவது வீண். ஒரே ஆளின் உடம்பில் இரண்டையும் ஒரே நேரத்தில் ஒட்டிப் பார்த்தால்தான் ஒப்பிட முடியும்.

இதை 1987-லேயே அமெரிக்காவின் வர்ஜீனியா பல்கலைக்கழகத்தில் வேறு விதமாக யோசித்தார்கள். கிளார்க் பிழைக்கட்டம் என்று அதற்குப் பெயர் (1962-இன் கிளார்க் வேறு, இவர் வேறு). ஒரு பிழை எத்தனை சதவீதம் என்பதோடு நிற்காமல், அந்த எண்ணை நம்பி நோயாளி என்ன செய்வார் என்று அது கேட்கிறது. உண்மை 250, கருவி 290 சொன்னால் பெரிதாக எதுவும் மாறப்போவதில்லை, இரண்டுமே அதிகம்தான். உண்மை 65, கருவி 105 சொன்னால்? பிழை அதே 40 மி.கி.தான். ஆனால் முதலாமவர் வழக்கம்போல் இருப்பார், இரண்டாமவர் சர்க்கரை சாப்பிட வேண்டிய நேரத்தில் சும்மா உட்கார்ந்திருப்பார்.

மருந்துகளுக்கும் மருத்துவக் கருவிகளுக்கும் அனுமதி தரும் அமெரிக்க அரசு அமைப்பான எஃப்.டி.ஏ. 2018-இல் சென்சார்களுக்கு வைத்த விதிகளிலும் இந்தச் சிந்தனை தெரிகிறது. சராசரியைக் கேட்காமல், லோ, நடுவாந்திரம், ஹை என்று பிரித்துப் பிரித்துக் கேட்டார்கள். சென்சார் 70-க்குக் கீழே காட்டும்போது 85 சதவீதத்துக்கு மேற்பட்ட அளவுகள் உண்மையிலிருந்து 15 மி.கி.க்குள் இருக்க வேண்டும். அதோடு எனக்குப் பிடித்த ஒரு விதி: சென்சார் 70-க்குக் கீழே என்று சொல்லும் நேரத்தில் உண்மை 180-ஐத் தாண்டியிருக்கவே கூடாது. தலைகீழாகவும் அப்படித்தான்.

மீட்டர் மட்டும் யோக்கியமா?

நாம் எல்லோரும் சென்சாரைக் குளுக்கோமீட்டரை வைத்துத்தான் சோதிக்கிறோம், மீட்டர் சொல்வது வேதவாக்கு என்று நினைத்துக்கொண்டு. அதற்கான உலகத் தரம், ஐ.எஸ்.ஓ. 15197 என்ற 2013-ஆம் ஆண்டு விதி, கேட்பது இவ்வளவுதான்: உண்மை 100-க்குக் கீழே இருந்தால் 15 மி.கி.க்குள், 100-உம் அதற்கு மேலும் என்றால் 15 சதவீதத்துக்குள். அதுவும் நூற்றுக்கு 95 முறை. உண்மையில் 130 இருப்பவருக்கு நல்ல மீட்டரே 111-உம் காட்டலாம், 149-உம் காட்டலாம். இரண்டும் பாஸ். அப்பாவின் 112-க்கும் 131-க்கும் இடையே இருந்தது 19, 14.5 சதவீதம். அதற்குள் தாமதமும் மீட்டர் பிழையும் சென்சார் பிழையும் எல்லாம் அடங்கிவிடும்.

இதோடு நம் கைவேலை வேறு. மாம்பழம் நறுக்கிய கையோடு குத்தினால் மீட்டர் மாம்பழத்தையும் சேர்த்து அளக்கும். ஸ்ட்ரிப் டப்பாவை மூடாமல் வைத்தால் ஈரக்காற்று பட்டுக் கெடும். சென்சார் தப்பு என்று புகார் சொல்வதற்கு முன் சோப்புப் போட்டுக் கை கழுவி, நன்றாகத் துடைத்துவிட்டு இன்னொரு முறை குத்திப் பார்ப்பது நல்லது.

நிஜமாகவே தப்பாகக் காட்டும் நேரங்கள்

நாலாம் நாள் இரவு இரண்டு மணிக்கு அலாரம் அலறியது. 54. அம்மா பதறி எழுந்து அப்பாவை உலுக்கி, பாதித் தூக்கத்திலேயே சர்க்கரைத் தண்ணீரைக் குடிக்க வைத்துவிட்டார். அப்பா கை உதறவும் இல்லை, வியர்க்கவும் இல்லை, கோபம் மட்டும்தான். அப்புறம் விரலில் குத்தினால் 138. காலையில் 210.

என்ன நடந்தது என்றால், அப்பா இடது பக்கம் ஒருக்களித்துப் படுத்திருந்தார். சென்சார் கைக்கும் மெத்தைக்கும் நடுவில் நசுங்கியது. அழுத்தம் விழுந்தால் அந்த இடத்தில் ரத்த ஓட்டமும் திரவமும் குறையும், சென்சாருக்குக் கிடைக்கும் குளுக்கோஸும் குறையும். உடம்பு முழுக்கச் சர்க்கரை நன்றாகவே இருக்க, அந்த ஒரு புள்ளியில் மட்டும் பஞ்சம். வரைபடத்தில் இதை அடையாளம் காணலாம்: கோடு திடீரென்று பள்ளத்தில் விழுந்து, புரண்டு படுத்ததும் அதே வேகத்தில் பழைய மட்டத்துக்கு ஏறிவிடும். உண்மையான லோ பெரும்பாலும் இப்படிச் செங்குத்தாக விழுந்து எழாது. அடுத்த சென்சாரை வலது கையில் ஒட்டினோம். அதற்காக இரவு வரும் லோ எல்லாமே மெத்தையின் வேலை என்று நினைத்து அலாரத்தை அணைத்துவிடாதீர்கள். இன்சுலின் போடுபவர் என்றால் எழுந்து ஒருமுறை குத்திப் பார்த்துவிடுவதுதான் பாதுகாப்பு.

முதல் நாளும் நம்பத் தகாதது. இழை உள்ளே போனது ஒரு சின்னக் காயம். உடம்பு அங்கே தன் ஆட்களை அனுப்பிச் சண்டை போட்டுச் சமாதானமாக ஒரு நாள் ஆகலாம். அந்த முதல் 24 மணி நேரத்து எண்களைப் பார்த்து இன்சுலின் அளவை மாற்றக் கூடாது.

மாத்திரைகளும் சில சமயம் குழப்பும். லிப்ரே 2 போன்ற சில சென்சார்களில் ஒரு நாளைக்கு 500 மில்லிகிராமுக்கு மேல் வைட்டமின் சி எடுத்தால் சர்க்கரை உண்மையைவிட அதிகமாகத் தெரியலாம். கொரோனாவுக்குப் பிறகு வைட்டமின் சி மாத்திரையை மிட்டாய் மாதிரி சப்பும் பழக்கம் நம் வீடுகளில் தங்கிவிட்டதால் இதைச் சொல்கிறேன். பழைய டெக்ஸ்காம் சென்சார்களுக்குப் பாரசிட்டமால் ஆகாது. ஜி6 வந்த பிறகு ஆறு மணி நேரத்துக்கு ஒரு கிராம் வரை பரவாயில்லை என்று ஆனது. ஒவ்வொரு சென்சாருக்கும் இது மாறும் என்பதால் பெட்டிக்குள் மடித்து வைத்திருக்கும் தாளைப் படித்தே ஆக வேண்டும். பொடி எழுத்துதான், என்ன செய்வது.

சில சமயம் தவறு தொழிற்சாலையிலேயே நடந்துவிடும். 2025 நவம்பரில் அபாட் நிறுவனம், ஓர் உற்பத்தி வரிசையில் தயாரான லிப்ரே 3, லிப்ரே 3 பிளஸ் சென்சார்கள் சில உண்மையைவிடக் குறைவாகக் காட்டுகின்றன என்று அறிவித்தது. அமெரிக்காவில் மட்டும் சுமார் 30 லட்சம் சென்சார்கள். உலக அளவில் 7 மரணங்கள் இதோடு தொடர்புடையவையாக இருக்கலாம் என்றும் சொன்னது. குறைத்துக் காட்டினால் என்ன ஆகிவிடும் என்று கேட்கலாம். நாள் கணக்கில் லோ, லோ என்று காட்டினால் மனிதர் சாப்பிட்டுக்கொண்டே இருப்பார், இன்சுலினைக் குறைப்பார் அல்லது தவிர்ப்பார். உள்ளே சர்க்கரை ஏறிக்கொண்டே போகும்.

கடிகாரம், மோதிரம் என்று குத்தாமலேயே சர்க்கரை பார்க்கும் கருவிகள் ஆன்லைனில் மலிவாக வருகின்றனவே, அவற்றின் துல்லியம் என்ன என்று பக்கத்து வீட்டு மாமா கேட்டார். 2024 பிப்ரவரியில் எஃப்.டி.ஏ. வெளியிட்ட எச்சரிக்கை, தோலைத் துளைக்காமல் தானாகவே சர்க்கரையை அளக்கும் எந்தக் கடிகாரத்துக்கும் மோதிரத்துக்கும் தாங்கள் அனுமதி தரவில்லை என்கிறது. சென்சார் காட்டும் எண்ணைத் திரையில் காட்டும் கடிகாரம் வேறு, அதில் தவறில்லை. தானே அளப்பதாகச் சொல்வதை வாங்க வேண்டாம் என்று மாமாவிடம் சொல்லிவிட்டேன்.

அப்படியானால் எதை நம்புவது

உடம்பை. கை நடுங்குகிறது, வியர்க்கிறது, சென்சார் 110 என்கிறது என்றால் 110-ஐ ஒதுக்கிவிட்டு விரலில் குத்த வேண்டும். மீட்டர் கையில் இல்லையா, லோ என்றே எடுத்துக்கொண்டு சர்க்கரை சாப்பிட வேண்டும். உடம்பு நன்றாக இருக்க சென்சார் கத்தினாலும் குத்திப் பார்க்க வேண்டும். ஆனால் பல வருடமாகச் சர்க்கரை இருப்பவர்கள் சிலருக்கு லோவின் அறிகுறியே தெரியாமல் போய்விடும். அவர்களுக்கு இந்தக் கணக்கு செல்லாது, சென்சாரின் அலாரத்தை மதித்தே ஆக வேண்டும்.

சென்சாரைச் சோதிக்க ஆசை என்றால் அதற்கு ஒரு நேரம் இருக்கிறது. காலையில் எதுவும் சாப்பிடாமல், அம்பு படுத்திருக்கும்போது, கை கழுவிவிட்டு. ஒரே ஒரு நாள் பார்த்து முடிவு கட்டாமல் மூன்று நாலு நாள் பார்க்கலாம். 100-க்கு மேலே 20 சதவீதத்துக்குள், கீழே 20 மி.கி.க்குள் இருந்தால் வீட்டுக் கணக்குக்கு அது போதும். ஒவ்வொரு முறையும் அதற்கு வெளியே, அதுவும் ஒரே பக்கமாக விலகினால் நிறுவனத்துக்குப் போன் போட்டு வேறு சென்சார் கேட்க வேண்டியதுதான்.

இவ்வளவு குறை சொன்ன பிறகும், சென்சார் ஒட்டியது வீண் என்று எனக்குத் தோன்றவில்லை. ஒரு நாளில் மூன்று முறை குத்தினால் மூன்று எண்கள் கிடைக்கும். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை பார்க்கும் சென்சார் 288 எண்கள் தருகிறது. ஒவ்வொன்றிலும் கொஞ்சம் பிழை இருந்தாலும் கோட்டின் வடிவம் ஏமாற்றுவதில்லை. டாக்டர்கள் இதை வைத்துத்தான், 70-க்கும் 180-க்கும் நடுவே நாளில் எவ்வளவு நேரம் இருந்தீர்கள் என்று பார்க்கிறார்கள். பெரும்பாலானோருக்கு 70 சதவீத நேரத்துக்கு மேல் இருக்க வேண்டும் என்பது 2019-இல் பல நாட்டு மருத்துவர்கள் கூடி வகுத்த இலக்கு.

அப்பாவுக்குக் காலை வெறும் வயிற்றுச் சர்க்கரை வருடக்கணக்கில் நன்றாகவே இருந்தது. அதனால்தான் எல்லாம் சரியாக இருக்கிறது என்று நினைத்திருந்தோம். பத்து நாள் கோட்டை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் பார்த்தால் தினமும் மாலை ஆறரைக்கு ஒரு மலை, 240 வரை. தெருமுனைக் கடை டீயும் வாழைக்காய் பஜ்ஜியும். அது 225-ஆ 255-ஆ என்று சென்சாருக்குச் சரியாகத் தெரியாமல் இருக்கலாம். மலை இருக்கிறது என்பதில் சந்தேகமே இல்லை, அப்பாவாலும் மறுக்க முடியவில்லை.

இப்போது அவர் பழைய பேரேடு மாதிரி ஒரு நோட்டுப் போட்டிருக்கிறார். தேதி, நேரம், சென்சார், மீட்டர் என்று நாலு பத்தி. நான் சொன்ன பிறகு ஐந்தாவதாக அம்புக்கும் ஒரு பத்தி கோடு போட்டுச் சேர்த்தார். ஆறாவது பத்திக்குத் தலைப்பு 'வித்தியாசம்'. நேற்று அதில் 7 என்று எழுதி, பக்கத்தில் பச்சை மையில் டிக் அடித்திருந்தார். பஜ்ஜிக்கு மட்டும் இன்னும் பத்தி போடவில்லை.